பொருளிடம் கேட்பது

பெரியவர்களுக்குப் பொம்மை செய்யச் சொல்லித் தரும்போது, தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "மேடம், இது சரியா?" பிள்ளைகளோடு உட்கார்ந்தால் இந்தக் கேள்வி அபூர்வம். அங்கே கேட்பது வேறு குரல். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "இத இப்படி வச்சா?" என்று ஒரு பிள்ளை முனகும். பெரியவர் ஆளிடம் கேட்கிறார். பிள்ளை பொருளிடம் கேட்கிறது.

தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துக் கிராமங்களில் ஓலை, இலை, நுங்குக் கோம்பை, காலித் தீப்பெட்டி, சோடா மூடி என்று கிடைத்ததை வைத்துப் பொம்மை செய்வதும், செய்யச் சொல்லித் தருவதும்தான் பல வருஷமாக என் வேலை. பிள்ளைகளிடமிருந்து பெரியவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

கள்ளங்கபடமற்ற மனம், கவலையில்லாத சிரிப்பு என்று குழந்தைகளைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். நான் பார்க்கும் பிள்ளைகள் அப்படிச் சிரித்துக்கொண்டே விளையாடுவதில்லை. மும்முரமாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். புருவம் சுருங்கியிருக்கும். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாது. கூப்பிட்டால் காதில் விழாது. அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற யாரிடமும் அந்த மும்முரத்தை நான் கண்டதில்லை. சிரிப்பு வரும், ஆனால் அது கடைசியில் வரும், ஏதோ ஒன்று பிடிபட்ட பிறகு.

பூவரசு இலையில் பீப்பி செய்வதை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் இதைச் செய்திருப்பார்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, இலையை ஓரத்திலிருந்து பீடி சுற்றுவதுபோல் இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல நசுக்கித் தட்டையாக்க வேண்டும். அந்தத் தட்டை முனையை உதட்டுக்குள் வைத்து ஊதினால் சத்தம் வரும். நசுங்கிய இரண்டு இலை மடிப்புகளும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. காற்று விட்டுவிட்டுப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். நாகஸ்வரத்தின் சீவாளியில் நடப்பதும் இதேதான். அங்கே பதப்படுத்திய நாணல் தட்டை, இங்கே பச்சை இலை.

ஆசிரியர் பயிற்சியில் இதைக் கொடுத்தால் என்ன நடக்கிறது? சுருட்டுகிறார்கள், ஊதுகிறார்கள். பாதிப் பேருக்குச் சத்தம் வராது. வராதவர்கள் உடனே என் பக்கம் திரும்பி, "எனக்கு வரல மேடம்" என்பார்கள். வந்தவர்களோ ஒருமுறை ஊதிவிட்டு, சிரித்து, இலையைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. வந்தவருக்கும் வராதவருக்கும் அதற்குமேல் இலையோடு பேச்சு இல்லை.

பிள்ளைகளுக்கு வேலை அப்போதுதான் தொடங்கும். சத்தம் வராத பிள்ளை நசுக்கியதை இன்னும் கொஞ்சம் நசுக்கும். அப்புறம் நசுக்கியதைத் தளர்த்தும். மறு முனையைக் கடித்துப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளையின் இலையைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்து, அது எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று பார்க்கும். சத்தம் வந்த பிள்ளைக்கோ அந்தச் சத்தம் போதாது. இன்னொரு பெரிய இலையை முதல் சுருளின் மேல் சாய்வாகச் சுற்றும், அதற்குமேல் இன்னொன்று. கூம்பாக நீண்டு குழல் ஆகிவிடும். நீளம் கூடக் கூடக் குரல் தடிக்கும். பிறகு யாராவது ஒருத்தி நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே ஊதுவாள். ஒவ்வொரு கிழிப்புக்கும் சத்தம் ஒரு படி ஏறும். "ஏய், இங்க பாரு, பூன மாதிரி கத்துது" என்பாள். ஒலி அலையின் நீளம் என்று ஏழெட்டு வருஷம் கழித்துப் பாடப்புத்தகத்தில் படிக்கப்போவதை அவள் உதடு இப்போதே தெரிந்துகொண்டது. கொழுந்து இலை சவசவவென்று ஊமையாகிவிடும், முற்றிய இலை சுருட்டும்போதே ஒடியும், பறித்து வெயிலில் வாடியது எதற்கும் ஆகாது என்பதையெல்லாம் நான் வாயால் சொன்னதே கிடையாது. மரத்தடியிலேயே அது முடிவாகிவிடும்.

திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் கட்டையின் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார், நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்துப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, தானாக நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போன்ற முகத்தோடு நிமிர்ந்தாளாம். மாண்டிசோரி அம்மையார் பிற்பாடு 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் இருந்தவர். அவருடைய கல்விமுறையைப் பற்றி ஆயிரம் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சிறுமியை அவர் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

நுங்கு வண்டிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் நுங்கு சீசன். குடித்துப் போட்ட கோம்பைகள் தெருவெல்லாம் கிடக்கும். இரண்டு கோம்பையை எடுத்து ஒரு முழக் கம்பின் இரு முனையிலும் இறுகக் குத்தினால் சக்கரமும் அச்சும் தயார். நீளமான கவட்டைக் கம்பின் கவையை அச்சில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். "எக்கா, வண்டி எடப்பக்கமே இழுக்கு." நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டாளிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "ஏல, கவட்டைய நேரா பிடில!"

அவன் வாதாடவில்லை. கவட்டையைக் கீழே போட்டான். வண்டியைப் பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தரையில் வைத்துக் கையால் ஓர் உந்து உந்திவிட்டான். வண்டி இடப்பக்கம் வளைந்து போனது. ஆக, கவட்டையின் குற்றம் இல்லை. அப்படியே நின்று யோசித்தான். பிறகு வண்டியை எடுத்து, இடது கோம்பை வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்து, அதே இடத்திலிருந்து மறுபடி உந்தினான். இப்போது வலப்பக்கம் வளைந்தது. தரை சரிந்திருந்தால் இரண்டு முறையும் ஒரே பக்கம் போயிருக்க வேண்டுமே! குற்றம் தரையிலும் இல்லை. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு கோம்பைகளையும் பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அளந்தான். ஒன்று சிறிசு.

இதை நான் பல ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மற்றதையெல்லாம் அப்படியே வைப்பது, சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவது என்று அறிவியல் முறை பற்றி நாம் கரும்பலகையில் எழுதிப்போடுவதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்துவிட்டது. அவனுக்கு யாரும் கற்றுத் தந்திருக்க வாய்ப்பில்லை. வண்டி ஏன் இழுக்கிறது என்பது அவனுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. முறை அந்த ஆவலின் பின்னாலேயே வந்துவிட்டது.

அடுத்து அவன் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிது. காரணம் தெரிந்தவுடன் நாமாக இருந்தால் சரியான கோம்பையைத் தேடி மாட்டி, பழுதைச் சரிசெய்துவிட்டுப் போயிருப்போம். அவன் குப்பையைக் கிளறி இன்னும் சின்னக் கோம்பை ஒன்றைத் தேடி எடுத்தான். வண்டி இன்னும் அதிகமாக வளைந்தது. இன்னும் சின்னது. வட்டமே போட்டது! பழுது விளையாட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வட்டம் போடும் வண்டி செய்துகொண்டிருந்தார்கள். யார் வண்டி ஆகச் சின்ன வட்டம் போடும் என்று போட்டி. ஒரு பெண்பிள்ளை கோம்பையைத் தொடவே இல்லை, அச்சுக் கம்பைப் பாதியாக ஒடித்தாள். வட்டமும் சுமார் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் அச்சோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரு சுற்றுக்குப் பெரியது அதிக தூரம் போகும், சின்னது குறைவாகப் போகும். அதனால் வண்டி சின்னதின் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். பெரிய கோம்பை 10 செ.மீ. விட்டம், சின்னது 9 செ.மீ., நடுவே கம்பு 30 செ.மீ. என்றால் பெரிய சக்கரம் 3 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடும். கம்பு 15 செ.மீ. ஆனால் ஆரம் ஒன்றரை மீட்டர். கம்பை ஒடித்த பிள்ளை கண்டதும் அதுதானே!

இந்தக் கணக்கு என்னை ரயிலுக்குக் கொண்டுபோனது. ரயில் சக்கரமும் அச்சோடு இறுகப் பொருத்தியதுதான், நுங்கு வண்டியைப் போலவே இரண்டும் சேர்ந்தேதான் சுற்றும். கார், லாரியில் வளைவில் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கிறது. ரயிலில் அது கிடையாது. அப்படியானால் வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தின் கூடுதல் நீளத்தை அந்தப் பக்கத்துச் சக்கரம் எப்படிக் கடக்கிறது? ரயில் சக்கரத்தின் உருளும் பரப்பு தட்டையாக இருப்பதில்லை, சாய்வாக இருக்கிறது. இந்திய ரயில்வேயில் அந்தச் சாய்வு இருபதுக்கு ஒன்று. உள்பக்கம் விட்டம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. வளைவில் அச்சு முழுவதும் கொஞ்சம் வெளிப்புறமாக நகரும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சின்ன விட்டத்திலும் உருள்கின்றன. இப்போது அதுவும் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வண்டி தானே வளைகிறது. அந்தப் பையன் குப்பையைக் கிளறிச் செய்ததை, திருச்செந்தூர் ரயில் ஒவ்வொரு வளைவிலும் செய்துகொண்டு போகிறது.

அடுத்த முறை போனபோது டீ குடிக்கிற காகிதக் கப்புகளைக் கொண்டுபோனேன். இரண்டு கப்பை வாயோடு வாய் ஒட்டினால் நடுவில் பருத்த உருளை கிடைக்கும். இரண்டு நீளக் கம்புகளைத் தண்டவாளம்போல் சரிவாக வைத்து அதை உருட்டிவிட்டால், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தானே நடுவுக்கு வந்து ஓடும். கோணலாக வைத்தாலும் ஆடி ஆடி நேராகிவிடும். அடியோடு அடி ஒட்டி நடுவில் ஒடுங்கிய உருளை செய்தால் கொஞ்ச தூரத்திலேயே கம்பை விட்டு விழுந்துவிடும். பிள்ளைகள் இதை எவ்வளவு நேரம் உருட்டினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை என்பது போதும்.

இப்படிக் குச்சியையும் குப்பையையும் கேள்வி கேட்கும் பொருளாக மாற்றியதில் எங்களைப் போன்றவர்களுக்கு வழிகாட்டி அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்கு 1978இல் போனார். அங்கே கிராமத்துச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவங்கள் செய்யத் தொடங்கினார். மூன்று குச்சியை இணைத்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியை இணைத்தால் சதுரம், தொட்டவுடன் சாய்ந்துவிடும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை, பிள்ளையின் விரல் அழுத்திப் பார்த்துவிடும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எங்களில் பலருக்கு அந்தத் தீக்குச்சிகளுக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

அப்படியானால் பெரியவர்களிடமிருந்து இது எப்போது போகிறது? வயதாவதால் போகிறது என்று நான் நம்பவில்லை. விடை ஆளிடம்தான் இருக்கிறது என்று பழக்கப்படும்போது போகிறது. பள்ளியில் ஆசிரியரிடம், அலுவலகத்தில் மேலதிகாரியிடம், வீட்டில் யார் குரல் உயர்ந்ததோ அவரிடம். பொருளைக் கேட்டுப் பயனில்லை, முகத்தைப் படித்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. அப்படிப் பழகியவர் பொம்மையைக் கையில் வாங்கியதும் என் முகத்தைப் பார்ப்பதில் வியப்பில்லை.

இது சின்னப் பிள்ளைகளிடமே நடக்கும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் 2011இல் வெளியிட்டது. பல குழாய்களைப் பொருத்திய விசித்திரப் பொம்மை ஒன்றைச் செய்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். வேறிடத்தில் விளக்கு எரியும், இன்னோரிடத்தில் இசை, ஒரு குழாய்க்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும். சில பிள்ளைகளிடம், "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்யும் பார்" என்று சொல்லி, கீச் சத்தத்தைச் செய்து காட்டிக் கொடுத்தார்கள். வேறு சில பிள்ளைகள் முன்னால் தற்செயலாகக் கைபட்டதுபோல் அதே சத்தத்தை வரவைத்துவிட்டுக் கொடுத்தார்கள். சொல்லித் தரப்பட்ட பிள்ளைகள் அந்தக் கீச் சத்தத்தையே செய்துகொண்டிருந்தார்கள், மற்றதைத் தேடியது குறைவு. தற்செயலாகப் பார்த்த பிள்ளைகள் துழாவித் துழாவி அதிகம் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் காட்டிவிட்டால், காட்டியதோடு பொம்மை முடிந்துவிட்டது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அது முட்டாள்தனமும் இல்லை. தெரிந்தவர் சொல்லாமல் விட்டதில் ஒன்றும் இருக்காது என்பது நியாயமான கணக்குதானே. நாம் எல்லோரும் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு வளர்ந்தவர்கள்.

அதனால்தான் செய்து முடித்த பொம்மையை முதலில் காட்டுவதில்லை என்பதை என் தொழிலின் முதல் விதியாக வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதைக் கைப்பிடித்துத்தான் சொல்லித் தர வேண்டும். ஆணிப்பக்கத்திலிருந்து எப்படி இறுக்கிக்கொண்டே வருவது, விடும்போது மணிக்கட்டை எப்போது சுண்டுவது என்பதெல்லாம் கையிலிருந்து கைக்குப் போகும் விஷயம். கத்தி பிடிப்பதும், ஓலைக் காத்தாடிக்குக் கருவேல முள் குத்துவதும் அப்படியே. பம்பரம் சுற்றத் தொடங்கிய பிறகு அது ஏன் நிற்கிறது, எங்கே தூங்குகிறது, சொறசொறத் தரையில் ஏன் துள்ளுகிறது என்பது பிள்ளைக்கும் பம்பரத்துக்கும் இடையிலானது. எங்கே காட்டுவது, எங்கே வாயை மூடுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் நேர்த்தியே இருக்கிறது.

பிள்ளைகளின் ஆர்வம் எல்லாம் நல்லது என்று சொல்லவும் நான் வரவில்லை. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் பிள்ளையும் கேள்விதான் கேட்கிறது. பச்சோந்தியைக் கல்லால் அடிப்பதிலும் ஆர்வம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் பேசாமல் இருப்பதில்லை. உயிருள்ளதை உட்கார்ந்து பார்க்கலாம், கட்டிவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். இதைப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். தட்டான் குளத்து ஓரத்தில் ஒரே குச்சியில் திரும்பத் திரும்ப வந்து உட்காருவதைப் பார்க்கச் சொன்னால், நூலை மறந்துவிட்டு அந்தக் குச்சியை நகர்த்தி வைத்து, அது எங்கே உட்காருகிறது என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

பெரியவர்களிலும் பொருளிடம் கேட்கும் பழக்கத்தை விடாதவர்கள் உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907இலிருந்து பத்தாண்டு நிதித்துறை அதிகாரி, பெரும்பாலும் கல்கத்தாவில். அந்த வேலைக்கு முன்னும் பின்னுமாக, காலையிலும் மாலையிலும் அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். தந்தியும் வில்லும் எப்படி அதிர்கின்றன என்பது அவருடைய பெரிய கேள்விகளில் ஒன்று. 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இந்தியத் தோல் கருவிகளைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கறுப்புக் கரணை எதற்கு? வெறும் தோலைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராது, சுருதி நிற்காது. நடுவில் ஏற்றிய அந்தப் பாரம் அவற்றை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. கரணையை எத்தனையோ தலைமுறை பார்த்திருக்கிறது, தட்டியிருக்கிறது. நின்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூலைக் கோத்து இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விட்டால் விர்ரென்று சுற்றுமே, அந்த விளையாட்டு உலகம் முழுக்க மிகப் பழைய காலத்திலிருந்து இருக்கிறது. மனு பிரகாஷ் என்ற நம் நாட்டுக்காரர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். உகாண்டாவில் ஒரு மருத்துவ நிலையத்தில் ரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரம் மின்சாரம் இல்லாததால் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டதைப் பார்த்தார். சுற்றும் பொம்மைகளையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தது அவருடைய குழு. கடைசியில் அவர்களை நிறுத்தியது இந்த நூல் கோத்த வட்டுதான். காகிதத்தில் செய்து 2017இல் வெளியிட்டார்கள். எடை இரண்டு கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட், வேகம் நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று வரை. ஒன்றரை நிமிஷத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா பிரிந்துவிடுகிறது. இவ்வளவு பழைய விளையாட்டு ஏன் இத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டு முழுதாகச் சொன்னதும் அவர்கள்தான். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்!

பெரியவர்களுக்கான பயிற்சிகளில் "குழந்தையாக மாறுங்கள்" என்று சொல்லி, கைதட்ட வைத்து, வட்டமாக ஓட வைத்து, மிருகம்போல் கத்த வைப்பது வழக்கமாகிவிட்டது. நான் அதைச் செய்வதில்லை. அங்கேயும் யாரோ ஒருவர் சொன்னதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், சரியாகச் செய்தோமா என்று அவர் முகத்தையே பார்க்கிறார்கள். விளையாட்டின் சாயல் இருக்கிறது, விளையாட்டு இல்லை. நான் செய்வது எளிது. நாற்காலிகளை ஓரமாகப் போட்டுத் தரையில் உட்கார வைப்பேன். ஆளுக்கு ஒரு பொருள். ஒரு மணி நேரம். "சரியா?" என்று கேட்டால், "அதையே கேளுங்களேன்" என்று கையிலிருப்பதைக் காட்டுவேன். முதலில் சங்கடப்படுவார்கள், சிலருக்குக் கோபமும் வரும். "நல்லாருக்கு" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல் போதும், எல்லாத் தலையும் மறுபடி என் பக்கம் திரும்பிவிடும்.

பாதி நேரம் போனபின் சத்தம் மாறும். அதைக் காதாலேயே கண்டுகொள்ளலாம். என்னை நோக்கி வந்துகொண்டிருந்த பேச்சு பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பும். "நீங்க எத்தனை சுத்து சுத்துனீங்க?" என்று தலைமை ஆசிரியர் தற்காலிக ஆசிரியையிடம் கேட்பார். பதவி அப்போதைக்கு ஞாபகம் இருக்காது.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெண்கள், அநேகம்பேர் வீட்டில் வேறு வேலையும் செய்பவர்கள். டீ குடித்து முடித்ததும் ஆளுக்கொரு கப்பைத் தரையில் சாய்த்து உருட்டிப் பார்க்கச் சொன்னேன். வாய் பெரிசு, அடி சிறிசு. எல்லாக் கப்பும் வட்டமடித்தது. வாய் விளிம்பு போகும் தடத்தையும் அடி விளிம்பு போகும் தடத்தையும் சாக்பீஸால் வரைந்தார்கள். தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம்.

ஓரத்தில் இருந்த ஓர் அம்மா, தையல்காரர், தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மா, இது அம்பர்லா பாவாடைக்கு வெட்டுற மாதிரில்லா இருக்கு!" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தரையிடம்தான் சொன்னார். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தன் கப்பை ஒட்டு வழியாக வெட்டினார். அடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீதியை விரித்து, சாக்பீஸ் வட்டங்களுக்கு நடுவே வைத்தார். வளைந்த துண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

இன்னொருவர் தன் கப்பின் விளிம்பில் பேனாவால் புள்ளி வைத்து உருட்டி, புள்ளி எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணினார். நாங்கள் வைத்திருந்த கப்புக்கு வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., பக்கவாட்டு நீளம் 8 செ.மீ. ஒரு முழு வட்டத்துக்குச் சரியாக எட்டு சுற்று. "அப்ப எட்டு கப்ப வெட்டி வச்சா வட்டம் நெறஞ்சிரணும்" என்றார் தையல்கார அம்மா. எட்டுப் பேர் கப்பைக் கொடுத்தார்கள். வெட்டி, விரித்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனார்கள். எட்டாவது துண்டு இடம் போதாமல் முதல் துண்டின் மேல் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு ஏறி உட்கார்ந்தது. கணக்கு தப்பு என்றார் ஒருவர். வட்டம் கோணல் என்றார் இன்னொருவர். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா ஒரு துண்டைக் கையிலெடுத்து, ஓரத்தில் பசை ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது ஒட்டுறதுக்கு விட்ட பிடிப்பு. துணின்னா தையலுக்குப் போயிரும்லா. எல்லாத்துலயும் இந்தப் பட்டைய வெட்டிட்டு வைங்க, பாப்போம்."